கீழக்குயில்குடியில் ஒரு க்ளைமாக்ஸ்

என் அக்காவின் கல்யாணத்தைக் கிட்டத்தட்ட நிறுத்திய பெருமை எனக்கு உண்டு. அதற்கு நான் மட்டும் காரணமில்லை, ஹாலிவுட்டுக்கும் பங்கு உண்டு என்று முப்பது வருடங்களாக வாதாடி வருகிறேன். ஹாலிவுட் இதுவரை மறுப்பு எதுவும் தெரிவிக்கவில்லை. மறுப்பதெல்லாம் எங்கள் வீட்டில்தான்.

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் பி.காம். இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன் (அப்படித்தான் கல்லூரிப் பதிவேடு சொல்கிறது). ஞாயிறு காலைக் காட்சிக்கு ஆங்கிலப் படம் போடுவார்கள். ஒரு வாரம்கூட விடமாட்டேன். ஆங்கிலம் எனக்கு வராது. புத்தகத்தில் இருக்கும் ஆங்கிலமே வராதபோது, சுருட்டைக் கடித்துக்கொண்டு பேசும் ஆங்கிலம் எங்கே வரப்போகிறது? தியேட்டர் வாசலில் கொடுக்கும் ரோஸ் நிற நோட்டீஸ்தான் துணை. கதைச் சுருக்கம் தமிழில் இருக்கும். வைரம் காணாமல் போகும், விமானத்தில் ஒரு அழகி வருவாள், நாயகன் முதலைகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்வான், சரியாக அந்த இடத்தில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடித்துவிடுவார்கள். ஆகவே இடைவேளை வரை எனக்குக் கதை புரியும். அதற்குமேல் என் சொந்தப் பொறுப்பு.

அந்தப் பொறுப்பை நான் தட்டிக்கழித்ததில்லை. மதியம் செல்லூர் டீக்கடையில் உட்கார்ந்து முழுக்கதையும் சொல்வேன். தெரியாத இடங்களில் ஒரு கொலை வைத்துவிடுவேன். நல்லதொரு சிரிப்புப் படத்தை அப்படியே கொலைப் படமாகச் சொல்லி நாலு பேரைக் கண்கலங்க வைத்திருக்கிறேன். இத்தனை படம் பார்த்ததில் எனக்குத் திட்டவட்டமாகப் புரிந்தது ஒன்றுதான்: நன்றாக உடுத்திக்கொண்டு, மரியாதையாகப் பேசிக்கொண்டு, கையில் ஏதாவது ஒரு சாமானும் வைத்திருக்கிற நடுவயது ஆள் எவனாக இருந்தாலும் அவன்தான் கெட்டவன்.

அப்படி ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார்.

சேதி கொண்டுவந்தவன் காசி. என் கதைகளை நம்புகிற ஒரே ஆள் என்பதால் நெருங்கிய நண்பன்.

“மாப்ள, ஒங்க வீட்டப் பத்தி ஒரு ஆளு விசாரிக்கிறாருடா.”

“என்ன விசாரிக்கிறாரு?”

“எத்தன தறி ஓடுது, ஒங்கப்பா எத்தன மணிக்கு வெளிய போவாக, வீட்டுக்குள்ள சத்தம் சண்ட கேக்குமா, இதெல்லாம். கேட்டுக் கேட்டு ஒரு நோட்டுல எழுதிக்கிறாரு மாப்ள. மஞ்சப்பை வச்சிருக்காரு. குடை வேற. மழையே இல்ல, குடை எதுக்கு?”

(சித்திரை மாதத்து மதுரையில் ஒரு மனிதர் குடை எதற்கு வைத்திருப்பார் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. இருவருக்கும் சேர்த்தே அவ்வளவுதான் மூளை.)

அவர் யார் என்பதை வாசகருக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். உளவுப் படத்தில் கொட்டகையே அறிந்த விஷயம் நாயகனுக்கு மட்டும் தெரியாமல் இருப்பது சகஜம். என் அக்கா வசந்திக்குத் திருமங்கலத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. குடைக்காரர் அந்த மாப்பிள்ளையின் தாய்மாமா. சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் பெண் வீட்டைப் பற்றி நாலு இடத்தில் விசாரிக்க வந்திருந்தார். ஏற்கெனவே இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் அக்காவைப் பற்றியே தெருவில் பேச ஆரம்பித்துவிடுவார்கள் என்று அம்மா சாமி படத்துக்கு முன்னால் அதிக நேரம் நின்றுகொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் போட்டோ அக்காவின் தையல் மெஷின் டிராயருக்குள் இருந்தது. நாளுக்கு நாலு தடவை அந்த டிராயரில் அக்கா ஊசி தேடினாள்.

எனக்கு மட்டும் சொல்லவில்லை. சொன்னால் டீக்கடைக்குப் போய்விடும் என்பது அப்பாவின் கணிப்பு. இரண்டாவது வரன் அப்படித்தான் போயிருந்தது.

எதுவும் தெரியாத நான் துப்புத் துலக்கினேன். உளவாளி என்றால் எதையாவது திருட வந்திருக்க வேண்டும். படங்களில் அது அணுகுண்டு ரகசியமாக இருக்கும். செல்லூரில் அணுகுண்டு கிடையாது. ஆனால் அப்பாவின் ஆறு தறிகளில் புதிதாக ஒரு லுங்கிக் கட்டம் ஓடிக்கொண்டிருந்தது, பச்சையில் மெரூன் கோடு போட்டது. “கடைக்குப் போற வரைக்கும் வெளிய காட்டாதீங்க” என்று அப்பாவே சொல்லியிருந்தார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. வேறு ஏதோ தறிக்காரர் ஆள் அனுப்பியிருக்கிறார்!

மறுநாள் காலை குடைக்காரர் மறுபடி வந்தார். பஸ் ஸ்டாப்பில் நின்றவரை நான் படத்தில் கண்ட முறைப்படி கண்காணித்தேன். அதாவது, செய்தித்தாளில் கண்களுக்கு நேராக இரண்டு ஓட்டை போட்டு முகத்துக்கு முன்னால் விரித்துப் பிடித்துக்கொண்டேன். ஐந்து நிமிடம் பிரமாதமாகப் போனது. பிறகு ஓட்டை வழியாக ஒரு சட்டைப் பொத்தான் மிக அருகில் தெரிந்தது.

“தம்பி, படிச்சிட்டா நடுப்பக்கத்தத் தாரீகளா?”

தமிழ்நாட்டில் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிய முடியாது என்பதை எந்தப் படமும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கொடுத்தேன். அவர் விரித்துப் பார்த்தார். ஓட்டைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நோட்டை எடுத்து ஏதோ எழுதினார்.

அவர் பஸ் ஏறியதும் நாங்கள் சைக்கிளில் தொடர்ந்தோம். காசி மிதித்தான். நான் பின்னால் உட்கார்ந்து “விடாத, விடாத” என்று மூளைவேலை செய்தேன். காளவாசலில் இறங்கியவர், அக்காவுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த டீச்சர் வீட்டுக்குள் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டீச்சர் பழுப்புத் தாள் ஒன்றை எடுத்து விரித்தார். அதில் கோடுகள், அளவுகள், அம்புக்குறிகள். குடைக்காரர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார்.

“மாப்ள, பிளான் கைமாறுது!” என்றேன். (அது அக்கா ஜாக்கெட்டுக்கு வெட்டிய அளவுத்தாள். ‘கைவேலை எப்படி?’ என்ற கேள்விக்கு டீச்சர் காட்டிய அத்தாட்சி.)

அங்கிருந்து அவர் நாகமலைப் பக்கம் போகிற பஸ்ஸைப் பிடித்தார். இறங்கி, கீழக்குயில்குடிக்குப் பொட்டல் வழியாக நடந்தார். பொட்டலில் ஓர் ஆளைப் பின்தொடர்வது போல அவஸ்தை வேறில்லை. படங்களில் பனிமூட்டம் இருக்கும், தூண்கள் இருக்கும். இங்கே இருந்தவை வெயிலும் நாலு பனைமரமும்தான். அவர் திரும்பும்போதெல்லாம் நாங்கள் பனைக்குப் பின்னால் நின்றோம். பனை எங்களை மறைத்தது, சைக்கிளை மறைக்கவில்லை. அவர் நடையை எட்டிப் போட்டார். நாங்களும் போட்டோம். அவர் ஓட ஆரம்பித்தபோது என் சந்தேகம் உறுதியானது.

“குத்தம் செய்யாதவன் எதுக்குடா ஓடுறான்?”

“நாம வெரட்டுறோம்ல மாப்ள” என்றான் காசி. அன்று பேசப்பட்ட ஒரே அறிவார்ந்த வாக்கியம் அது. நான் பொருட்படுத்தவில்லை.

மலையடிவாரத்து ஐயனார் கோயில்தான் எங்கள் குலதெய்வம். குடைக்காரர் பூசாரியிடம் பத்து நிமிடம் பேசினார். (இரண்டு வீட்டுக்கும் ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி முறையாகிவிடும், பெண் எடுக்க முடியாது. அதைத்தான் கேட்டிருக்கிறார்.) பேசி முடித்துத் திரும்பியவர், குளத்தோரம் நின்ற எங்களைக் கண்டதும் மலைப்படியில் ஏறத் தொடங்கினார். கடைசிக் காட்சியில் வில்லன் எப்போதும் உயரமான இடத்துக்குத்தான் ஏறுவான். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. காசியைக் கீழே காவலுக்கு நிறுத்திவிட்டு ஏறினேன்.

மேலே, சமணத் துறவிகள் உலக ஆசைகளை விட்டுப் படுத்திருந்த கற்படுக்கை ஒன்றில் மூச்சிரைக்க உட்கார்ந்திருந்தார். மஞ்சள் பை பக்கத்தில்.

“பையக் குடுத்துருங்க” என்றேன். குரல் நினைத்த அளவுக்குக் கரகரப்பாக வரவில்லை.

“யாருப்பா நீ? காலையிலருந்து பின்னாலேயே வார. பஸ்ஸுக்குத்தான் காசு வச்சிருக்கேன், வேணுமா?”

“எல்லாம் எங்களுக்குத் தெரியும்” என்றேன். எல்லாப் படத்திலும் சொல்கிற வசனம். சொல்லிவிட்டுப் பையைப் பறித்துக்கொண்டு ஓடினேன். அவர் குடையால் ஓங்கி ஒரு போடு போட்டார். முதுகில் விழுந்தது. படியை விட்டு விலகிப் பாறையில் கால் வைத்தேன். ரப்பர் செருப்பு என்னைக் கைவிட்டது. மீதித் தூரத்தை உட்கார்ந்தபடியே கடந்தேன். பேன்ட்டின் பின்பக்கம் பாதி வழியிலேயே மலையோடு தங்கிவிட்டது.

மேலிருந்து “திருடன்! திருடன்!” என்று சத்தம். கீழே பூசாரியும் ஊர்க்காரர்கள் நாலு பேரும் என்னை அமுக்கினார்கள். காசியைக் காணோம். (சைக்கிளைக் காப்பாற்றப் போனதாக இன்றும் சொல்கிறான்.) பூசாரி என் முகத்தைத் திருப்பிப் பார்த்து அதிர்ந்தார்.

“அடப்பாவி, நம்ம செல்லூர் தறிக்காரர் மகன்ல! இப்பத்தானடா ஒன்னயப் பத்தி, ‘பையன் தான் உண்டு தன் சோலி உண்டுன்னு இருப்பான்’னு இவருட்டச் சொன்னேன்!”

“இவரு எங்கப்பாவோட டிசைனத் திருட வந்தவரு! பையத் தொறந்து பாருங்க!” என்று கத்தினேன்.

திறந்தார்கள். நோட்டு, வெற்றிலைப் பொட்டலம், ஒரு ஜாதகம், ஒரு போட்டோ. போட்டோவில் என் அக்கா, காதோரம் பூ வைத்து, என்னைப் பார்த்து மெல்லச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எந்த நோட்டீஸும் இல்லாமல் எனக்கு முழுக்கதையும் புரிந்த முதல் படம் அதுதான்.

குடைக்காரர் இறங்கி வந்து பையை வாங்கிக்கொண்டார். என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார், பிறகு பேன்ட் இருந்திருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார், போய்விட்டார்.

வீட்டில் சொன்னேன். அம்மா அழுதாள். அப்பா என்னை அடிக்க எழுந்து, எங்கே அடிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டார். அக்கா திட்டியிருந்தால் தேவலை. கிழிந்த பேன்ட்டை என் கையிலிருந்து வாங்கி, மெஷினில் போட்டு, உள்ளே துணி வைத்துத் தைத்துக் கொடுத்தாள். நூல் எடுக்க டிராயரைத் திறந்தவள் உடனே மூடினாள். அந்தச் சத்தம் குடையடியை விட வலித்தது.

மூன்று நாள் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. நாலாவது நாள் காலையில் குடைக்காரர் வந்து நின்றார், மாப்பிள்ளையின் அப்பாவையும் கூட்டிக்கொண்டு. போலீஸ் இல்லாததைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு வந்தது. நான் கதவுக்குப் பின்னால் ஒடுங்கினேன். அங்கே ஏற்கெனவே அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

குடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். “அண்ணே, நீங்க ஆள விட்டு விசாரிச்சதுல தப்பே இல்ல. பொண்ணக் குடுக்கிறவுக, விசாரிக்கத்தான் செய்வீக.”

அப்பா முழித்தார்.

“ஒரு காலேஜுப் பையன் அம்புட்டு வெயில்ல காளவாசல்லருந்து கீழக்குயில்குடி வரைக்கும் சும்மாவா வருவான்? நீங்க அனுப்பித்தான் வந்திருக்கான். பையப் பறிச்சு நோட்டையும் பாத்துட்டான். ‘எல்லாம் தெரியும்’னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டான். இனிமே மறைச்சு என்ன ஆகப் போகுது?”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆயுள் முழுக்கச் சந்தேகப்பட்டே வாழ்ந்த மனிதர் அவர். ஒருவன் இவ்வளவு பெரிய முட்டாளாக இருக்க முடியும் என்பதை மட்டும் அவரால் சந்தேகிக்க முடியவில்லை. பெண் வீட்டில் சொல்லக் கூடாத விஷயங்களை அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்திருக்கிறார். நான் அதைத் திறக்கவே இல்லை. சறுக்கிக்கொண்டிருந்தேன்.

“போட்டோவுல கண்ணாடியக் கழட்டிட்டு எடுத்தோம். பையனுக்குப் பார்வை கொஞ்சம் கம்மி” என்றார் மாப்பிள்ளையின் அப்பா, தரையைப் பார்த்தபடி.

அப்பா ஒரு விநாடி யோசித்தார். “தெரியும்” என்றார்.

“வயசு ரெண்டு கூட.”

“ம்.”

“வேல இன்னும் நிரந்தரம் ஆகல.”

அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே, “அதான் நீங்களா வந்து சொல்லட்டும்னு இருந்தோம்” என்றார். என் அப்பாவுக்குள் அப்படியொரு நடிகர் இருந்ததை அன்றுதான் கண்டேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது: “கண்ணாடி போட்ட போட்டோ ஒண்ணு குடுத்துவிடச் சொல்லுங்கப்பா.”

வந்தது. கண்ணாடி போட்ட முகம்தான் பிடித்திருக்கிறது என்றாள். ஆவணியில் கல்யாணம். பந்தியில் குடைக்காரர் என்னைத் தேடிவந்து தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பாசம் என்று நினைத்தேன். கண்ணில் படுகிற இடத்தில் நான் இருக்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு.

அன்று முதல் மச்சான் வீட்டில் எனக்குத் தனி மரியாதை. நான் வாசல் ஏறினாலே யாராவது ஒருவர் தனியே அழைத்துப் போய் எதையாவது ஒப்புக்கொள்கிறார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் கையாடிய சர்க்கரை முதல் காதல் விவகாரம் வரை கேட்டுவிட்டேன். என் அக்கா பிள்ளைகளும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்: “மாமா வாராரு, இருக்கிறதச் சொல்லிருங்க!”

போன வருடம் குடைக்காரருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று பார்க்கப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார். மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, அந்த நோட்டுல நாலாவதா ஒண்ணு எழுதிருந்தேன். பாத்தும் நீங்க வெளிய விடல. பெரிய மனசு. அன்னைக்கு நாங்க பொருத்தம் பாக்கக் குடுத்தது மாப்ள சாதகமே இல்ல. அவன் தம்பியோடது. அவனோடது ஒங்கக்காவுக்குப் பொருந்தல.”

முகத்தை அசைக்காமல் தலையாட்டினேன். தொழில் அப்படி. ஆனால் வழியெல்லாம் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டு வந்தேன். முப்பது வருட வாழ்க்கை, இரண்டு பிள்ளைகள், அத்தனையும் வேறொருவன் ஜாதகத்தில்! நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். மச்சான் தூங்குகிறாரா என்று பார்த்துக்கொண்டு, அடுப்படியில் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னேன்.

அக்கா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. “கல்யாணம் முடிஞ்ச மறு வருசமே எனக்குத் தெரியும்டா. இவரு பொறந்த நாளும் நட்சத்திரமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டல. விசாரிச்சேன்.”

“விசாரிச்சியா? யார்ட்ட?”

“ரெண்டு பேருட்டத்தான். ஒரு ஈ காக்காக்குத் தெரியாது.” கத்தியைத் தாழ வைத்துவிட்டு, வாழ்நாளில் முதல் தடவையாக என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். “மச்சானுக்கு இன்னும் தெரியாது. நீ டீக்கடைக்குப் போகாம நேரா வீட்டுக்குப் போ.”