நான்கு சென்டிமீட்டர் பயம்

கண்ணுக்குத் தெரியாது, கையில் அகப்படாது, ஆனாலும் சரியாக நான்கு சென்டிமீட்டர் இருக்கவேண்டும். அது என்ன?

கிருமி என்பீர்கள். இல்லை, பயம்.

பெருந்தொற்று சற்றே ஓய்ந்து மழலைப் பள்ளிகள் திறக்கவிருந்த சமயம், மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அதிகம் பயப்படும் குழந்தை வகுப்பில் அழும். பயமே இல்லாத குழந்தை நோயைப் பரப்பும். ஆகவே ‘உரிய அளவு அச்சம்’ உள்ள குழந்தைகளை மட்டும் சேர்த்துக்கொள்ளவும். உரிய அளவு எது என்று அதில் இல்லை. அதை முடிவுசெய்ய ஓர் அலுவலர் நியமிக்கப்பட்டார்.

சுண்டுவுக்கு ஐந்து வயது. ஓராண்டாக அவள் இன்னொரு குழந்தையைப் பார்க்கவில்லை. சோப்புக்கட்டியில் கண்ணும் மூக்கும் கீறி அதனோடுதான் பேசிக்கொண்டிருந்தாள். மணிக்கு நான்கு முறை கை கழுவும் வீட்டில் அந்தச் சிநேகிதி எத்தனை நாள் தாங்குவாள்? ஐந்தாவது சிநேகிதியும் கரைந்துபோன அன்று சுண்டு சாப்பிட மறுத்துவிட்டாள். மறுநாள் அம்மாவும் அப்பாவும் அச்சச் சான்றிதழ் வாங்க அவளை அந்த அலுவலரிடம் அழைத்துப்போனார்கள். சான்றிதழ் வாங்க அதுவே கடைசி நாள்.

அலுவலர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், முகக்கவசத்தின் மேல் முகக்கவசம் அணிந்து அமர்ந்திருந்தார்.

“பாப்பா, உனக்குப் பயமா இருக்கா?”

“இல்லை.”

“அலட்சியம். சேர்க்க முடியாது.”

“ஐயோ சார், சும்மா சொல்றா. ரொம்பப் பயப்படுவா!” என்றாள் அம்மா.

“அப்போ மிகை அச்சம். அதுக்கும் இடமில்லை.”

அப்பா குனிந்தார். “கண்ணு, வீட்ல சொல்லிக்குடுத்தேனே, கொஞ்சம்னு சொல்லும்மா.”

“கொஞ்சம்.”

“கொஞ்சம்னா எவ்வளவு?”

சுண்டு இரண்டு விரல்களை விரித்து, “இவ்ளோ” என்றாள். அலுவலர் அளவுகோலை வைத்தார்.

“மூன்றரை. சரியா நாலு சென்டிமீட்டர் வேணும்.”

அப்பா பக்குவமாக அவள் விரலை இழுத்துவிட்டார். நான்கு ஆயிற்று.

“சரி. விதி ஒன்பது. தினமும் கூட்டிட்டுப்போக, பயமில்லாத பெரியவர் ஒருத்தர் வேணும். குழந்தைதான் தேர்ந்தெடுக்கணும்.”

“நானே போறேன் சார்” என்றார் அப்பா.

“யாரு, நீங்களா? பால் பாக்கெட்டையே ரெண்டு தடவை குளிப்பாட்டுற ஆளு!” என்றாள் அம்மா.

“நீ மட்டும் என்னவாம்? காலிங்பெல் அடிச்சா கட்டிலுக்குப் பின்னால போய் நிக்கிறே!”

“சண்டை வேண்டாம்” என்றார் அலுவலர். “இந்த ஆபீஸ்ல பயம்னா என்னன்னே தெரியாத ஒருத்தன் நான்தான். வேணும்னா என் பேரைச் சொல்லட்டும்.” சொல்லிக்கொண்டே படிவத்தின் மேல் கிருமிநாசினியைப் பீய்ச்சினார். தெறித்த மருந்து சுண்டுவின் மூக்கில் ஏறியது.

சுண்டு தும்மினாள்.

அலுவலர் மேசைக்கடியில் இருந்தார். அப்பா கதவுக்குப் பின்னால் இருந்தார். அம்மா அப்பாவுக்குப் பின்னால் இருந்தாள். மேசைக்கடியில் இன்னும் இரண்டு பேருக்கு இடமிருந்தது. நீங்களும் நானும் அங்கே இருந்திருந்தால் அதுவும் நிரம்பியிருக்கும்.

என்றாலும் கடமை கடமைதான். அடியிலிருந்து குரல் வந்தது: “பாப்பா, கிட்ட வராம அங்கிருந்தே சொல்லு. பதிவு பண்ணணும். யார்கூடப் போறே?”

சுண்டு மேசையைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள்.

“தனியா” என்றாள்.