எறும்பு டிரஸரும் ஜப்பான்காரர் சோறும்

கெடா மாநிலம் முழுக்கத் தேடினாலும், எறும்புகளோடு கலந்தாலோசித்து வைத்தியம் பார்த்த மனிதர் ஒருவர்தான் இருந்திருப்பார். டாக்டருக்கு உதவியாக மருந்து கட்டிவந்த எங்கள் எறும்பு டிரஸர்தான் அவர். சொந்தப் பெயர் என்னவென்று அவர் சம்சாரத்தைத்தான் கேட்கவேண்டும்.

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலம். சிடாம் கிரி பக்கத்து எஸ்டேட் ஆஸ்பத்திரியில் எனக்குக் கஞ்சி காய்ச்சும் வேலை. வெள்ளைக்கார டாக்டர் ஓடிவிட்டார். சிறுநீரில் சீனி இருக்கிறதா என்று பார்க்கும் மருந்தும் தீர்ந்துவிட்டது. டிரஸர் அசரவில்லை. கொல்லையில் ரம்புத்தான் மரத்தடியில் சிரட்டைகளை வைத்தார். அவரவர் சிறுநீர் அவரவர் சிரட்டையில். எறும்பு மொய்த்தால் இனிப்பு நீர் வியாதி, சோற்றைக் குறை. மொய்க்காவிட்டால் பிழைத்தாய், போ.

"பசியில இருக்கிற எறும்பு எதுக்கும் வருமே, அண்ணே?" என்றேன்.

"அதுக்குத்தான் பக்கத்துல என்னோடதையும் வச்சிருக்கேன். திரும்பிப் பாக்குதா பாரு!"

ஒன்றுகூடத் திரும்பவில்லை. அதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

ஒருநாள் ஜப்பானிய அதிகாரி ஒருவர் சோதனை போட வந்தார். வந்தவர் என் தண்ணீர்ப் பானையைக் குடித்தே காலி செய்தார். புதர்ப்பக்கம் போவதும் வருவதுமாக இருந்தார். நாங்கள் ஒதுங்கி நின்றோம். டிரஸருக்கோ கண் மின்னியது. சிரட்டையை நீட்டி, "துவான், கென்சிங் கொஞ்சம்" என்று மலாயில் அவரிடமே சிறுநீர் கேட்டேவிட்டார்!

கன்னத்தில் விழுந்த அறையில் சிரட்டை ஒரு பக்கம், டிரஸர் ஒரு பக்கம். சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்த நேரம் அது. போனவர்கள் திரும்பவில்லை.

"வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டீங்களா?" என்று அழுதேன்.

வீங்கிய கன்னத்தைத் தடவியபடி, "அத்தனை தடவ போனான்லா! ஏன்னு தெரிஞ்சிக்க உனக்கு ஆசையா இல்ல?" என்றார்.

மறுநாள் காலை அதிகாரி தனியாக வந்தார், கையில் புட்டியோடு. சிரட்டையில் ஊற்றியதும் எறும்புகள் ஊர்வலமாக வந்தன. குந்தியபடி பார்த்துக்கொண்டிருந்த அதிகாரியின் முகம் வெளுத்துப் போயிற்று.

"நாசி தா போலே," சோறு கூடாது என்றார் டிரஸர். மீனும் கீரையும் போதுமாம்.

அதிகாரி எங்கள் நோயாளிகளைக் கை காட்டினார். அன்றிலிருந்து அவர் பங்கு அரிசி என் கஞ்சிப் பானைக்கு வந்தது. மரவள்ளிக்கிழங்கே தின்று கிடந்த நோயாளிகள், எறும்பு குறையக்கூடாதென்று முருகனை வேண்டிக்கொண்டார்கள்!

முருகன் கேட்கவில்லை. எறும்பு குறைந்தது.

"நிறைய வருதுன்னே சொல்லுங்க அண்ணே," என்று கெஞ்சினேன்.

"பாத்ததைத்தான் சொல்லுவேன்."

சொல்லியும் விட்டார். ஆனால் மறுபடி சோறு தின்றால் எறும்பும் மறுபடி வரும் என்பதையும் சேர்த்தே சொன்னார். அதிகாரி யோசித்துப் பார்த்து, அரிசியை நிறுத்தவில்லை.

சண்டை முடிந்தது. தோற்ற ஜப்பான்காரர்களை லாரியில் ஏற்றினார்கள், எங்கள் அதிகாரியையும் சேர்த்து. பட்டதெல்லாம் மனதில் வர, ஜனம் வாய்க்கு வந்தபடி ஏசியது. டிரஸர் மட்டும் லாரிக்குப் பின்னால் ஓடினார்.

"துவான், நாசி ஜாங்கான்! நாசி ஜாங்கான்!"

போகிற இடத்திலும் சோறு தின்னக்கூடாதாம்!

"அறைஞ்சவனுக்கா அண்ணே இந்த ஓட்டம்?"

"இனிமே அவனுக்கு யாரு பாத்துச் சொல்லுவா?"

மூச்சிரைக்க நின்றார். நாலு வார்த்தை நன்றாகத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். "உட்காருங்கண்ணே, தண்ணி கொண்டாரேன்" என்றுதான் வந்தது.