கால் பட்டால் கும்பிடக் கூடாதாம், மச்சான்!

மேரு, கிள்ளான்
ஞாயிறு காலை

பெருமதிப்பிற்குரிய மச்சான் ஜெயராஜ் அவர்களுக்கு, தங்கள் தங்கை உஷாராணியின் கணவன் சுகுமாறன் பணிவுடன் எழுதுவது. தைப்பிங்கில் தாங்களும் அக்காவும் மழையில் நனையாமல், சளி பிடிக்காமல் இருக்க அம்மனை வேண்டுகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் என் கழுத்து இடப்பக்கம் திரும்ப மறுக்கிறது. அதனால் பாதி சுகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனிலேயே சொல்லியிருக்கலாம். உஷா அடுத்த அறையில் இருக்கிறாள், சுவரோ பலகைச் சுவர். வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றால் என் போனை என்னைவிட அவள்தான் அதிகம் பார்க்கிறாள். ஆகவே பேனா.

நேராக விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்துகொண்டு படியுங்கள். உங்கள் தங்கை ஆளைப் புரட்டிப் போட்டுக் கழுத்தை நெரிக்கப் பழகுகிறாள். பிரேசிலியன் ஜூ-ஜிட்சு என்று அதற்குப் பெயர். கட்டிப் புரண்டு, எதிராளியின் கையையோ கழுத்தையோ மடக்கி, அவர் தோற்றுவிட்டேன் என்று தட்டுகிற வரைக்கும் விடாமல் பிடித்திருப்பதாம். நமக்கு மருமகன் வந்தாகிவிட்டது, மச்சான்! இந்த வயதில் மாதக் கடைசியில் ஷா ஆலமில் நடக்கும் போட்டிக்கு வேறு பெயர் கொடுத்துவிட்டாள். நான் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. இந்த உலகத்தில் அவள் வாய் திறக்காமல் கேட்கிற பேச்சு உங்கள் பேச்சு ஒன்றுதான். போட்டிக்கு முன்னால் நீங்கள் வந்து நிறுத்தியே ஆக வேண்டும்.

இது எப்படி வெளியே வந்தது தெரியுமா? கிள்ளான் டவுனுக்குச் சும்பா நடனம் ஆடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் காரை எடுத்துக்கொண்டு போவாள். இடுப்புக்கு நல்லது என்று நானும் விட்டுவிட்டேன். போன வெள்ளிக்கிழமை கோயிலில் பக்கத்து வீட்டு மாரியாயி அக்காவுக்கு வணக்கம் சொன்னேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய வீட்டுக்காரர் ரெங்கசாமி அண்ணன் என்னைச் செருப்பு விடுகிற இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், “தம்பி, கோவம் எல்லாருக்கும் வரும் லா. அதுக்காகப் பொம்பளை மேல கை வைக்கலாமா? அந்தப் புள்ள கையைப் பாரு, கத்திரிக்கா கலர்ல கெடக்கு” என்றார். நானா, மச்சான்? கரப்பான் பூச்சியை அடிக்கக்கூட அவளைக் கூப்பிடுகிறவன் நான்! நான் பேசாமல் நின்றதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு, தோளில் தட்டி, சாமியிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து உஷாவிடம் கேட்டால், பருப்பைத் தாளித்துக்கொண்டே, “அதுவா? ஒரு சைனீஸ் பொண்ணு புடிச்சது. நல்ல பொண்ணுங்க” என்கிறாள்.

அடுத்த வகுப்புக்கு நானும் கூடவே போனேன். திரைச்சீலைக் கடைக்கு மேல்மாடி, தரை முழுக்க மெத்தை விரித்திருக்கிறார்கள். சொல்லிக்கொடுக்கிற கோச் கெல்வின் நம் ஆள்தான், முப்பது வயது இருக்கும், காது இரண்டும் உப்பிய பூரி மாதிரி. புதிதாகச் சேர்ந்தவர்களை உட்கார வைத்துப் புத்திமதி சொல்லிக்கொண்டிருந்தார். “நகத்தை வெட்டிட்டு வாங்க. போட்ட துணியைத் துவைக்காம மறுபடி போடாதீங்க. பலத்தைக் காட்டாதீங்க, மொதல்ல மூச்சு விடுங்க. ஆரம்பத்துல தோத்துக்கிட்டேதான் இருப்பீங்க, ஓகே லா, அதுதான் பாடம். வலிக்கிறதுக்கு முன்னாடியே தட்டிடுங்க, அதுல வெக்கமே இல்ல.” கேட்கக் கேட்க எனக்கு வியர்த்துவிட்டது. தோற்பதற்குப் போய் யாராவது வகுப்பு வைப்பார்களா? நம் வீட்டில் கேரம் விளையாட்டில் தோற்றதற்கே இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவர்கள் உண்டு, அது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து, “ஆன்டி! மறுபடியும் கும்பிடறீங்க!” என்று ஒரு சத்தம். என்னவென்று பார்த்தால், உஷா அந்தச் சீனப் பெண்ணோடு புரண்டுகொண்டிருக்கிறாள். கால் அந்தப் பெண்மேல் படுகிறபோதெல்லாம், நீங்கள் வளர்த்த வளர்ப்பு, தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். அவள் கையை எடுத்த அந்த நேரத்தில் அந்தப் பெண் மேலே ஏறி உட்கார்ந்துவிடுகிறது. கெல்வின் தலையில் அடித்துக்கொண்டு, “இங்க காலு படத்தான் செய்யும் ஆன்டி. கும்பிடப் போனா கழுத்து போயிரும்” என்கிறார். இதில் கொடுமை என்னவென்றால், இது ஏதோ இந்த வித்தையின் மரியாதை என்று நினைத்து அந்தச் சீனப் பெண்ணும் கால் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் பழகிவிட்டது.

பிறகுதான் என் தலையில் இடி விழுந்தது. நகை போட்டுக்கொண்டு மெத்தையில் இறங்கக் கூடாதாம். இத்தனை நாளும் கழுத்தில் வெறும் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு, தாலிச் சங்கிலியை வீட்டுச் சாமி மேடையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்ததால் அவசரத்தில் போட்டுக்கொண்டே வந்து, கழற்றி என் கையில் கொடுத்து, “கீழ வச்சிடாதீங்க” என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். எங்கே வைப்பேன், சொல்லுங்கள்? கால்சட்டைப் பையில் வைக்கலாமா? கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டு, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பார்த்தவர்கள் நெஞ்சுவலி என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஜோடி மாற்றினார்கள். உஷாவுக்கு எதிரே லோரிக் கதவு அகலத்தில் ஓர் ஆம்பளை வந்து மண்டியிட்டு, சிரித்துக்கொண்டே கையை நீட்டுகிறான்! நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது, மெத்தை நடுவில் போய் நின்றேன். “அங்கிள், சப்பாத்து! சப்பாத்து!” என்று எல்லாரும் கத்தினார்கள். காலணியைக் கழற்றினேன். கெல்வின் கோபப்படவில்லை. “அங்கிளுக்குக் கஷ்டமா இருந்தா நீங்களே ஆன்டிக்கு ஜோடியா இருங்க. மெதுவாத்தான்” என்றார். மானம் போகாமல் இருக்க ஒப்புக்கொண்டேன், மச்சான்.

உங்கள் தங்கை என்னை இழுத்துப் படுக்கப் போட்டது தெரியும். என் தலையும் ஒரு கையும் அவள் இரண்டு காலுக்கும் நடுவே போனது தெரியும். கட்டின புருஷன் கழுத்தில் கால்! அவளும் பதறித்தான் போனாள். உடனே ஒரு கையால் என் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆனால் காலை மட்டும் விடவில்லை. “தட்டுங்க அங்கிள், தட்டுங்க!” என்கிறார் கெல்வின். எந்தக் கையால் தட்டுவது? ஒரு கை அவள் பிடியில், இன்னொரு கை சட்டைப் பையில். தட்ட வேண்டுமென்றால் தாலியை விட வேண்டும். வாயால் சொல்லலாமாம், காற்று வந்தால்தானே வார்த்தை வரும்? அதற்கப்புறம் நல்ல தூக்கம். கண் விழித்தபோது அந்த லோரிக் கதவு என் கால்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். உஷா என் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். என் கை பையிலேயேதான் இருந்தது.

இதற்கு மேலும் நான் என்ன எழுத வேண்டும்? நீங்கள் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து, அண்ணன் என்ற முறையில் ஓர் அதட்டுப் போட்டு, இந்தப் போட்டியையும் வகுப்பையும் ஒரேயடியாக முடித்துவையுங்கள். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள், உங்கள் முழங்கால் வலி அம்மன் அருளால் விலகட்டும்.

தங்கள் அன்புள்ள
சுகுமாறன்

பி.கு.: கடிதத்தை உறையில் போடுகிற நேரத்தில் உஷா வந்து, போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிட்டதாகவும் இனி வகுப்புக்கும் போகவில்லை என்றும் சொன்னாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் சும்மா இருந்திருக்கலாம், ஏன் என்று கேட்டுவிட்டேன். “கூப்பிடக் கூப்பிடக் கண்ணு தொறக்காம கெடந்தீங்க. செத்துட்டீங்கன்னு நெனச்சேன். இனிமே யாரு கழுத்தையும் என்னால தொட முடியாதுங்க” என்றாள். வகுப்புக்குப் போடுகிற வெள்ளை உடுப்பை மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். மச்சான், மேலே ஒன்றை நான் எழுதாமல் விட்டுவிட்டேன். அந்தச் சீனப் பெண் அவளைக் கவிழ்த்துப் போட்டபோது உஷா மெத்தையில் மல்லாந்து கிடந்து வாய்விட்டுச் சிரித்தாள். மகள் கல்யாணமாகி ஜொகூர் போனதிலிருந்து இந்த வீட்டில் அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை. எனக்கு இப்போது மனசு கேட்கவே மாட்டேன் என்கிறது. போ உஷா என்று சொல்லிப் பார்த்தேன், இன்னும் மயக்கம் தெளியவில்லையா என்கிறாள். நீங்கள் வரத்தான் வேண்டும். வந்து அதட்டத்தான் வேண்டும். போட்டிக்குப் போகச் சொல்லி அதட்டுங்கள்.