ஓஸ் என்று சொல்லியிருக்க வேண்டும்

பயந்த மனிதனின் வாய்க்கும் அவன் மூளைக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. வால்தம்ஸ்டோ மண்டபம் ஒன்றில், வெள்ளைக் கராத்தே உடையில், பலர் முன்னிலையில் இதை நிரூபித்தவன் நான்.

சாந்தினி அக்கா ஹவுன்ஸ்லோவில் ஒரு கடையில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே சொந்தமாக ஒரு கராத்தே பாணியை உருவாக்கியவர். முழங்கால் தேய்ந்து, காலை உயரத் தூக்க முடியாதவர்களுக்கான பாணி. முதல் மாணவன் நான். (திறமையில் அல்ல, அன்று வேறு யாரும் வரவில்லை.)

பாணியை அங்கீகரிக்கலாமா என்று பார்க்கக் கராத்தே சங்கத்திலிருந்து நடுவர் ஒருவர் வருவதாக இருந்தது. முன்பு வந்தவர், "இது கராத்தே இல்லை, ஏதோ யோகா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இம்முறையும் தவறினால் அக்காவின் இத்தனை வருட உழைப்பும் வீண். அவர் சாப்பிடாமல் திரிந்தார்.

"தம்பி, இண்டைக்கு அக்கா எண்டு கூப்பிடாதை. சென்செய் எண்டு சொல்லு. என்ன கேட்டாலும் கராத்தேக்காரர் மாதிரி 'ஓஸ்' எண்டு மட்டும் பதில் சொல்லு. விளங்குதோ?"

"ஓம் அக்கா."

"பாத்தியே!"

கழிவறைக்குள் நின்று "ஓஸ், ஓஸ்" என்று உருப்போட்டேன். வெளியே யாரோ கதவைத் தட்டி, உடம்புக்கு ஏதும் செய்கிறதா என்று விசாரித்தார்.

நடுவர் உயரமான வெள்ளைக்காரர். நேரே என் முன்னால் வந்து நின்றார். மூத்த மாணவன் என்பதால் முன்வரிசையில் நான்; நான் சொல்வதைத்தான் பின்வரிசை மாணவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். "தொடங்கலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் குனிந்து வணங்கி, மண்டபம் அதிரக் கத்தினேன்: "ஓம் அக்கா!"

தமிழே தெரியாத போலந்துக்காரரும் பிளேஸ்டோவில் பஸ் ஓட்டுபவரும் உட்பட அத்தனை பேரும் ஒரே குரலில்: "ஓம் அக்கா!"

நடுவரின் புருவம் ஏறியது. "ஓம்? இது யோகாவா?"

தொலைந்தோம் என்று நினைத்தேன். அக்காவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் அவருடைய கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தமிழில் 'ஓம்' என்றால் சம்மதம்," என்றார் அக்கா, நிதானமான ஆங்கிலத்தில். "அக்கா நான்தான். எங்கள் பாணியில் இப்படித்தான் பதில் சொல்வோம். என் கையைப் பிடியுங்கள், காட்டுகிறேன்."

பிடித்தார். அடுத்த கணம் பாயில் மல்லாந்து கிடந்தார்.

"விளங்கியதா?" என்று அக்கா கேட்டார்.

கூரையைப் பார்த்தபடி நடுவர் சொன்னார்: "ஓம் அக்கா."

அங்கீகாரம் கிடைத்தது. அந்தப் பதில் எங்கள் பாணியின் விதியாகவும் ஆகிவிட்டது. வீட்டில் என் மனைவி, "குப்பைத்தொட்டியை வெளியிலை வச்சாச்சோ?" என்று குரல் உயர்த்தினால், நான் வாய் திறக்குமுன் மகள் குனிந்து வணங்கி, "ஓம் அக்கா!" என்கிறாள்.

இப்போது மண்டபத்தில் 'ஓஸ்' என்று சொன்னால் அக்கா தண்டால் எடுக்க வைப்பார். இதுவரை எடுத்தவன் ஒருவன்தான். என் கறுப்புப் பட்டைத் தேர்வில், பயத்தில், வாய் தவறி வந்துவிட்டது.