பியேருக்கு ஒரு கல்வீடு

அரசாங்கக் கந்தோர் எண்டால் ஒரு ஒழுங்கு வேணும். எங்கட கந்தோரில அந்த ஒழுங்கைக் காக்கிற பொறுப்பு என்னட்ட. அதாவது, றப்பர் முத்திரை என்ர மேசை லாச்சியில.

ஓலைத்தொடுவாய் லூர்தம்மா அக்கா இந்தியாவில மண்டபம் அகதி முகாமில இருந்து திரும்பி வந்து பத்து வருசமாத் தகரக் கொட்டிலுக்குள்ள இருக்கிறா. வீட்டுத்திட்டத்துக்கு மூண்டு தரம் விண்ணப்பிச்சா. மூண்டு தரமும் நிராகரிச்சம். சும்மா இல்லை, முறைப்படி. காணி உறுதிப்பத்திரம் சண்டையில எரிஞ்சுபோச்சாம். மனுசன் சண்டைக்காலத்தில வள்ளத்தில போய்த் திரும்பி வரேல்லையாம். எரிஞ்சதுக்கும் அத்தாட்சி இல்லை, செத்ததுக்கும் அத்தாட்சி இல்லை. அத்தாட்சி எடுத்து வைக்காமல் துன்பப்பட்டது அவவின்ர பிழை.

இந்த நேரம் பார்த்து ஐரோப்பாவில இருந்து ஒரு தொண்டு நிறுவனம் வந்திறங்கிச்சுது. இந்த வருசத்து மோஸ்தர் ‘மீண்டெழும் ஆற்றல்’. போன வருசம் நல்லிணக்கம், அதுக்கு முதல் காளான் வளர்ப்பு. அவையின்ர பயிலரங்குக்குத் தலைப்பு, ‘மத்தியகால ஐரோப்பாவில் கொள்ளைநோய், போர், மதக்குழப்பம்: மன்னார் மக்களுக்கான படிப்பினைகள்’. இதில பங்குபற்றினால்தான் விண்ணப்பம் மீள்பரிசீலிக்கப்படும் எண்டு எங்கட அதிகாரி கீர்த்தனன் சேர் சுற்றுநிருபம் விட்டார்.

நிறுவனத்து றெனால்ட் படம் போட்டு விளங்கப்படுத்தினார். நூறு வருசச் சண்டையாம். வீட்டுக்கு வீடு கொள்ளைநோயாம். போதாததுக்கு ஒரே நேரத்தில ரெண்டு பாப்பரசர், ஆளையாள் சபிச்சுக்கொண்டு. நாலு தரம் இடம்பெயர்ந்த சனம் இதைக் கேட்டு, பாவங்கள் என்ன பாடு பட்டுதுகளோ எண்டு கண்ணைத் துடைச்சுதுகள்.

பிறகு செய்முறைப் பயிற்சி. அந்தக் காலத்து ஏழையா நடிச்சு நிவாரணம் கேக்க வேணும். படிவம் கொண்டுவர அவை மறந்துபோச்சினம், எங்கட வீட்டுத்திட்டப் படிவத்தையே குடுத்தம். லூர்தம்மா அக்காவுக்கு விழுந்த வேசம் பியேர் எண்ட பிரான்ஸ் கமக்காரன், ஆண்டு 1382. பெண்சாதியும் நாலு பிள்ளையளும் கொள்ளைநோயில போச்சு, வீட்டைப் படை எரிச்சுப்போட்டுது. ஆனால் பியேருக்குக் காணி உறுதி, பங்குத்தந்தையின்ர கடிதம், அஞ்சு மரணச் சான்றிதழ் எல்லாம் வடிவா அச்சடிச்சு வந்திருந்தது. அஞ்சுக்கும் முத்திரை குத்தினது நான்தான். முகவரியை வெறுமையா விடக்கூடாது எண்டன். அக்கா தன்ர காணியின்ர முகவரியையே எழுதினா.

பயிற்சிப் படிவமும் உண்மைப் படிவமும் ஒரே கட்டாக் கொழும்புக்குப் போச்சு. மூண்டு மாசத்தில பதில். லூர்தம்மா, நிராகரிப்பு. பியேர், அங்கீகாரம். ஆவணங்கள் முன்மாதிரியானவை எண்டு பாராட்டும் இருந்தது.

கீர்த்தனன் சேர் ஒரு நாள் முழுக்க யோசிச்சார். திருப்பி அனுப்பினால் பிழை விட்டது ஆர் எண்டு கேப்பினம், அதால கட்டுவம் எண்டார்.

கட்டினம். ரெண்டு அறை, குசினி, ஓட்டுக்கூரை, வாசலில பளிங்குக் கல்லில பியேரின்ர பேர். நாடா வெட்டினம், றோல்ஸ் சாப்பிட்டம். திறப்பை வாங்க ஆள் வராததால வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொண்டுவந்து லாச்சியில போட்டன்.

மாரி துவங்கிச்சுது. கொட்டில் ஒழுக, லூர்தம்மா அக்கா நனைஞ்சபடி கந்தோருக்கு வந்தா.

“சேர், அந்தாள் வராது. மழை விடுமட்டும் நான் உள்ளுக்கு இருக்கிறன்.”

“வரமாட்டார் எண்டு எப்பிடிச் சொல்லுறியள்?”

“செத்து அறுநூறு வருசம் சேர்.”

சேர் கோப்பைப் புரட்டினார். பெண்சாதிக்கு இருக்கு, நாலு பிள்ளையளுக்கும் இருக்கு. “இவருக்கு மரணச் சான்றிதழ் இல்லையே. சட்டப்படி ஆள் உயிரோட இருக்கிறார்.”

அக்கா என்ர பக்கம் திரும்பினா. “தம்பி, அண்டைக்கு அஞ்சு பேருக்குக் குத்தினீங்கள். இன்னும் ஒண்டு குத்துங்கோ.”

எனக்கு வந்துதே கோவம். பொய்ச் சான்றிதழுக்கு முத்திரையோ? பதினெட்டு வருசச் சேவையில அப்பிடி ஒண்டும் செய்ததில்லை எண்டு சொல்லி லாச்சியைப் பூட்டினன்.

எண்டாலும் நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை. அடுத்த பயிலரங்குக்கு, அதிலயும் குடுக்கிறது எங்கட வீட்டுத்திட்டப் படிவம்தான், அவவின்ர பேரைப் பதிஞ்சுவிட்டன். மூண்டாவதாத்தான். முதலாவது சேரின்ர பேர், ரெண்டாவது என்ர.