பல் இல்லாத வைஸ்

ஒரு ஊரிலே ஒரு புருஷன் இருந்தான். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், வெட்கமாயிருக்கிறது. எந்தப் புருஷன் என்றும் கேட்காதீர்கள். சரி, நான்தான்.

சமையலறைக் குழாய்க்குப் போகும் இரும்புப் பைப் துருப்பிடித்து உடைந்தது. வால்வை மூடியாயிற்று. வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"பிளம்பர் அண்ணனைக் கூப்பிடலாங்க" என்றாள் மனைவி.

கல்யாணமாகி எட்டு மாதம். அவள் முன்னால் ஒரு வேலையையாவது உருப்படியாகச் செய்து காட்ட வேண்டாமா?

"எதுக்கு? நானே பைப் அறுப்பேன், நானே மரை போடுவேன், நானே மாட்டுவேன். மத்தியானம் தண்ணி வரும் பாரு!"

பைப் நுனியில் மரை, அதாவது திருகு வரி, போடும்போது பைப்பை அசையாமல் பிடிக்க வைஸ் என்ற பிடிகருவி வேண்டும். கடைக்காரர் இரண்டைக் காட்டினார். ஒன்றில் சங்கிலியும் பல்லும். பார்த்தாலே கடன்காரன் முகம். இன்னொன்று நீல நிறம், வழவழப்பான தாடை, யானைக்குட்டி கனம்.

"என்ன வேலைக்கு?"

தெரியாது என்று சொல்ல வெட்கம். "எல்லா வேலைக்கும்தான்" என்று நீலத்தைத் தூக்கினேன்.

வீட்டில் கொண்டுவந்து இறக்கியதும், "இதுக்குப் பல்லே இல்லையேங்க?" என்றாள் மனைவி.

"அது என்ன சாப்பிடவா போகுது?"

"பைப்பைக் கடிச்சுப் பிடிக்கணுமே?"

"உனக்குத் தெரியாது, சும்மா இரு."

"சரிங்க."

அந்த 'சரிங்க'வில் நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கடையில் வாங்கிய புதுப் பைப்பை வைஸில் பூட்டி, மரை வெட்டும் டை என்ற கருவியை அதன் நுனியில் மாட்டித் திருப்பினேன். டை சுற்றியது. கூடவே பைப்பும் சுற்றியது. இறுக்கினேன். மறுபடியும் சுற்றியது. வைஸின் கைப்பிடியில் தொங்கியே இறுக்கினேன். இப்போது பைப் அசையவில்லை. அசைய அது பைப்பாகவும் இல்லை. தட்டையாகிவிட்டது.

"என்னங்க, முடிஞ்சுதா?"

"முடிஞ்சு போச்சு... இல்ல, முடியப் போகுது! உப்பு வாங்கிட்டு வந்துடறேன்!"

பின்வாசல் வழியாக பிளம்பர் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன்.

"தட்டைத் தாடை பைப்புக்கு ஆகாது தம்பி. லேசாப் பிடிச்சா வழுக்கும், இறுக்கினா நசுங்கும். சங்கிலி சுத்திக்கணும், பல்லு கடிக்கணும்."

"உங்களோடதைக் குடுங்கண்ணே. அவளுக்கு மட்டும் தெரிய வேணாம்."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

"அதைத் தங்கச்சி காலையிலேயே, நீ கடைக்குப் போயிருந்தப்பவே வாங்கிட்டுப் போயிடுச்சே. இங்கேயே ஒரு மரை போட்டுப் பழகிட்டுத்தான் போச்சு."

நேராக வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. நாலு தெரு சுற்றிவிட்டுப் போனேன். சமையலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம். பக்கத்து வீட்டு அக்கா வேறு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு கிடைச்சுதாங்க?"

"இல்ல... காலையிலேயே வெச்சிருந்தியாமே, சொல்லக் கூடாதா?"

"சும்மா இருன்னீங்க. இருந்தேன்."

நசுங்கிய நுனியை அறுத்து ஓரமாக வைத்திருந்தாள். மிச்சப் பைப்பில் மரை அவ்வளவு சுத்தம்.

"எங்க வீட்டுப் பைப்பும் ஒழுகுதும்மா, கொஞ்சம் வர்றியா?" என்றார் அக்கா.

சங்கிலி வைஸைத் தூக்கிக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். எனக்கு நீல வைஸோடு தனியாக உட்கார முடியவில்லை.

"நானும் வரட்டுமா?"

அவள் வாசலில் நின்று யோசித்தாள்.

"வாங்க. மரை போடறப்போ எண்ணெய் விட ஒரு ஆள் வேணும்."

எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன்.