ஐந்தாண்டு உத்தரவாதமும் ஏழு மாதத் தூசியும்

மனித குலம் இதுவரை மூன்று மகத்தான கண்டுபிடிப்புகளைச் செய்திருக்கிறது: நெருப்பு, சக்கரம், உத்தரவாத அட்டை. முதல் இரண்டிலும் நிபந்தனைகள் எதுவும் அச்சிடப்படவில்லை. ஆகவே அவற்றை முழுமையான கண்டுபிடிப்புகள் என்று ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு.

என் பெயர் நெவில் பாஸ்கோ. ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் ஊர், ஆர்ஜென்ட் தெருவில் உள்ள வேக்வம் கிளீனர் கடையில் 'வாடிக்கையாளர் மனநிறைவு அதிகாரி'. கடையில் நான் ஒருவன்தான் என்பதால் மனநிறைவு, விற்பனை, பழுது என்ற மூன்று துறைகளும் என் தலைமையில் ஒற்றுமையாக இயங்குகின்றன. ஜன்னலை மூடினாலும் செம்மண் உள்ளே வந்து உட்காரும் ஊர் இது. நிறுவனம் காரணமில்லாமல் இங்கே கடை திறக்கவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு காலை டானிட்சா ரடிச் வந்தாள். மோட்டல் அறைகளைச் சுத்தம் செய்து பிழைப்பவள். பள்ளியில் எனக்கு முன் பெஞ்சு. எங்கள் பெருமைக்குரிய கம்பியில்லாத 'மேஜஸ்டி-9' இயந்திரத்தை மேஜைமேல் தொப்பென்று போட்டாள்.

"நெவில், இது செத்துப்போச்சு."

"எங்க நிறுவனத்துல 'செத்துப்போச்சு'ன்னு சொல்றதில்ல மேடம். 'ஓய்வெடுக்குது.'"

"என்னை எதுக்குடா மேடம்ங்கிற? போன சனிக்கிழமை கிளப்புல என் பீரைத் தட்டிவிட்டவன்தானே நீ?"

"அது தனிப்பட்ட முறையில. இது அலுவலக முறையில."

"சரி, அலுவலக முறையிலேயே கேளு. ஆயிரத்து நூத்தி நாப்பத்தொன்பது டாலர். அஞ்சு வருஷ உத்தரவாதம். ஏழே மாசம். எட்டு ரூமைப் பத்து மணிக்குள்ள முடிக்கணும். மூணு நாளா மண்டி போட்டுக் கம்பளத்தை பிரஷ்ஷால தேய்க்கிறேன். இந்த வாரத்துக்குள்ள சரியாகலைன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்னுட்டான் மோட்டல்காரன்."

நான் கையுறை மாட்டிக்கொண்டேன். திருகுகளைக் கழற்றி, டார்ச் அடித்து, கையேட்டில் சொன்னபடி முப்பத்தாறு அம்சப் பரிசோதனை நடத்தினேன். முதல் அம்சத்திலேயே குற்றவாளி சிக்கிவிட்டது. ஆனாலும் மீதி முப்பத்தைந்தையும் முடித்தேன். நடைமுறை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

"மேடம், இதுக்குள்ள தூசி இருக்கு."

"வேற என்ன இருக்கும்னு நெனச்ச? ஆட்டுக்கறியா?"

"தூசி தூசிப்பெட்டியில இருக்கணும். இது மோட்டார் வரைக்கும் போயிருக்கு. பதினாலாம் பிரிவு: 'அந்நியப் பொருள் உட்புகுந்தால் உத்தரவாதம் செல்லாது.'"

"வேக்வம் கிளீனருக்குத் தூசி அந்நியப் பொருளா?"

"தொழிற்சாலையில செஞ்சப்ப இதுக்குள்ள தூசி இல்லையே. வடிகட்டியைக் கழுவினீங்களா?"

"வாராவாரம் கழுவினேன்."

"அங்கதான் தப்பு நடந்திருக்கு. மாசம் ஒருதடவைதான் கழுவணும். 'அளவு மீறிய பராமரிப்பும் அலட்சியமே.' இருபதாம் பிரிவு."

"மாசம் ஒருதடவை கழுவினா அடைச்சுக்குதே!"

"அடைச்சா அது உபயோகத்தால வந்த பழுது. உபயோகத்துக்கு உத்தரவாதம் கிடையாது."

"அப்போ எதுக்குத்தான் இருக்கு?"

"வாங்கினதுக்கு."

உத்தரவாதம் என்ற சொல்லின் அழகே இதுதான். உத்தரவு எங்களுடையது, வாதம் வாடிக்கையாளருடையது.

ஆனாலும் அடிலெய்டு தலைமை அலுவலகத்தில் உள்ள எங்கள் 'நம்பிக்கை மேலாளர்' கீரன் லாடுக்கு ஃபோன் போட்டேன்.

"அழறாங்களா?" என்றார் அவர்.

"இல்ல, கீரன்."

"அப்போ பெரிய பிரச்சினை இல்ல. புது மேஜஸ்டிக்குப் பத்து சதவீதம் தள்ளுபடின்னு சொல்லு."

சொன்னேன். உத்தரவாதம் செல்லாது என்று ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தேன். டானிட்சா அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவள் முழங்கால்கள் இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தன. முழங்கால்களைப் பற்றிக் கையேட்டில் எந்தப் பிரிவும் இல்லை. ஆகவே நான் அவற்றைப் பார்க்கவில்லை.

மோட்டல் வேலை அந்த வாரமே போயிற்று. ஐந்து வாரம் கழித்து நுகர்வோர் மன்றத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது.

நீதிமன்றக் கட்டடத்தில் ஒரு சின்ன அறை. நடுவர் திருமதி ஹாலிடே மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். நான் டை கட்டிக்கொண்டு இருபது நிமிடம் வாதாடினேன்.

"மேஜஸ்டி-9 ஐந்நூறு மணி நேரம் இடைவிடாம ஓடித் தேர்வான இயந்திரம் மேடம்."

"எங்க ஓடுச்சு?"

"எங்க ஆய்வகத்துல."

"அங்க தூசி இருந்துச்சா?"

"ஆய்வகத்துல தூசியா! உலகத் தரம் வாய்ந்த ஆய்வகம் மேடம் அது."

அவர் எதையோ எழுதிக்கொண்டார். பிறகு மெதுவாக, "மிஸ்டர் பாஸ்கோ, நீங்க சத்தியம் பண்ணியிருக்கீங்க. உங்க கடைத் தரையை எதால சுத்தம் பண்றீங்க?" என்றார்.

"எங்க நிறுவனத் தயாரிப்பாலதான்."

"இந்த மேஜஸ்டியாலயா?"

"இல்ல மேடம். பழசு ஒண்ணு. எண்பத்தேழுல செஞ்சது."

"எத்தனை தடவை பழுதாச்சு?"

"ஒரே தடவை. ஒயரைச் சுண்டெலி கடிச்சிருச்சு."

"அதுக்கு எத்தனை வருஷம் உத்தரவாதம் குடுத்தாங்க?"

"ஒரு வருஷம்."

அறையின் மூலையில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா இருமினார். அது இருமல் அல்ல என்று எனக்குத் தெரியும்.

முழுப் பணம், அல்லது மனுதாரர் விரும்பும் மாற்று இயந்திரம் என்று தீர்ப்பானது. எது வேண்டும் என்று டானிட்சாவைக் கேட்டார்கள்.

"ஊர்ல வேற கடை இல்ல, பணத்தை வாங்கினா மறுபடியும் இவன் கடைக்குத்தான் போய் நிக்கணும். எனக்கு அந்த எண்பத்தேழு மாடலைக் குடுங்க."

"மேடம், அது விற்பனைக்கு இல்ல!" என்று என்னை மறந்து எழுந்துவிட்டேன்.

"ஏன்?" என்றார் நடுவர்.

"அது நல்லா ஓடுதே!"



அன்று மாலையே அதைத் தூக்கிக்கொண்டுபோய் அவள் காரில் வைத்தேன். கன்றுக்குட்டி கனம். "இடுப்பைப் பாத்துக்க நெவில், உனக்கு உத்தரவாதம் முடிஞ்சு ரொம்ப நாளாச்சு" என்றாள். பிறகு, "உன்மேல கோபமில்லடா. ஆனா அன்னைக்கு என் முழங்காலைப் பாத்துட்டுப் பாக்காத மாதிரி இருந்தே பாரு, அதை மட்டும் மறக்க மாட்டேன்" என்றாள்.

அந்தக் குமாஸ்தாவே அவளைக் கூப்பிட்டு நீதிமன்றக் கட்டடத்தைச் சுத்தம் செய்யும் வேலையைக் கொடுத்தார். இப்போது இரண்டு மோட்டல்களும் ஒரு பள்ளிக்கூடமும் அவள் கையில். ஊரில் பாதிப் பேர் கடைக்கு வந்து, "டானிட்சாகிட்ட இருக்கே, அந்த மாதிரி ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள்.

இதற்கென்றே அடிலெய்டு அலுவலகம் ஒரு பதில் தயாரித்து அனுப்பியிருக்கிறது. கேட்பவர்களுக்கு எழுந்து நின்று படித்துக் காட்டுகிறேன்:

"மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, அந்த மாடலில் ஒரு பெரிய தயாரிப்புக் குறை இருந்தது. அதை வாங்கியவர்கள் மறுபடி எங்கள் கடைக்கு வரவே இல்லை. அந்தக் குறையை எங்கள் பொறியாளர்கள் இப்போது முழுமையாகச் சரிசெய்துவிட்டார்கள்."